சாக்கு ரூம்

சேலத்தில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் போன வருஷம் குழந்தைகளுக்கென்று ஓர் அறை திறந்தார்கள். சுவரில் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் வரைந்திருக்கிறார்கள். பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். காலையில் என் மகளை அங்கே விட்டுவிட்டு நான் மாடிக்குப் போகிறேன். திறப்பு விழாவில் பேசிய மேலாளர், இப்படி ஓர் ஏற்பாடு நம் பக்கத்துக்கே புதிது என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஆனால் புதிது என்று அவர் சொன்னதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நான் மூன்றாம் வகுப்புப் படித்த காலத்திலேயே சின்னசேலம் பக்கம் ஒரு சேகோ ஃபேக்டரியில் அப்படி ஓர் அறை இருந்தது. அதைக் கேட்டு வாங்கியவள் என் அம்மா. வாங்கியதில் எனக்கும் பெரிய பங்கு உண்டு என்று நான் வெகுகாலம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

சேகோ ஃபேக்டரி என்பது ஜவ்வரிசி செய்யும் இடம். மரவள்ளிக் கிழங்கை அரைத்து, அந்தப் பாலைப் பெரிய பெரிய தொட்டிகளில் தெளியவிட்டு, மாவெடுத்து, மணிமணியாக உருட்டி வறுத்து, கடைசியில் சிமெண்ட் களத்தில் காயப்போடுவார்கள். காயப்போடுவதும் கிளறிவிடுவதும் அள்ளுவதும் பெண்கள் வேலை. அம்மா களத்தில் இருந்தாள். அப்பா வெள்ளிமலையிலிருந்து கிழங்கு ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இறங்கி வரும் லாரியை ஓட்டினார். பெரும்பாலான லோடு இதே ஃபேக்டரிக்குத்தான் வரும். இருவரும் இரண்டு வீட்டாருக்கும் பிடிக்காமல் கல்யாணம் செய்துகொண்டவர்கள். எனவே என்னையும் கைக்குழந்தையான தம்பியையும் பார்த்துக்கொள்ள எந்தப் பக்கத்திலிருந்தும் ஆள் கிடையாது.

தம்பி அம்மாவோடு ஃபேக்டரிக்குப் போவான். களத்தின் ஓரத்தில் ஒரு புங்கமரம். அதன் கிளையில் புடவையைக் கட்டித் தூளி போட்டு, அதில் அவனைக் கிடத்திவிட்டு அம்மா வேலைக்கு இறங்கிவிடுவாள். மற்றப் பெண்களின் பிள்ளைகளும் அந்த மரத்தடியில்தான். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நானும் போவேன். அந்த மரத்தடிக்கு நான்தான் ராணி. யார் மூக்கைச் சிந்த வேண்டும், யார் யாரை அடிக்கக் கூடாது, யாருக்கு எப்போது தண்ணீர் என்பதெல்லாம் என் உத்தரவு. தூளியை ஆட்டிக்கொண்டே ஆட்சி செய்தேன். அம்மா எப்போதாவது களத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் கையை உயர்த்தி, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சைகை காட்டுவேன். போக்குவரத்துப் போலீஸ்காரர் மாதிரி இருப்பேன் என்று அம்மா இன்றும் சொல்லிச் சிரிக்கிறாள்.

என் ஆட்சிக்கு அடங்காத பிரஜை ஒருத்தி இருந்தாள். அப்போதுதான் நடக்கப் பழகிய பெண் குழந்தை, குட்டி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். கீழே விட்டால் நேராகத் தொட்டிப் பக்கம் ஓடுவாள். பால் தொட்டிகளுக்கு அந்தக் காலத்தில் கைப்பிடிச் சுவர்கூடக் கிடையாது. தரையோடு தரையாக வெள்ளைவெளேரென்று கிடக்கும். பார்த்தால் பெரியவர்களுக்கே கால் வைக்கத் தோன்றும். அதனால் அவளுடைய அம்மா ஒரு பழைய புடவைத் துண்டின் ஒரு முனையை அவள் காலிலும் மறு முனையை மரத்திலும் கட்டிவிட்டுப் போவாள். அந்தத் துண்டின் நீளம் எவ்வளவோ அவ்வளவுதான் அவள் உலகம். அதை யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. கன்றுக்குட்டி மாதிரி சுற்றிச் சுற்றி வந்து அவளே சுருட்டிக்கொள்வாள். நான் எடுத்துவிடுவேன்.

காலாண்டு விடுமுறையில் ஒருநாள் மத்தியானம் அது நடந்தது. காலையில் நல்ல வெயில். களம் முழுவதும் ஜவ்வரிசி பரப்பியிருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு கல்வராயன் மலைப் பக்கம் கறுத்தது. மேஸ்திரி கையை வீசிக்கொண்டு கத்த ஆரம்பித்தார். ஜவ்வரிசியில் மழை பட்டால் தீர்ந்தது, மறுபடி மாவுதான். பெண்கள் எல்லோரும் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். ஆளுக்கொரு முனையாகப் பிடித்து அவர்கள் விரிப்பதற்குள் காற்றும் மழையும் சேர்ந்தே வந்துவிட்டன.

மரத்தடியில் முதலில் எல்லோரும் சிரித்தோம். பிறகு இடி இடித்தது. தூளி நனைந்து கனத்துத் தொங்கியது. தம்பி வீரிட்டான். அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். மற்றப் பிள்ளைகளை என் பாவாடையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். குட்டியின் காலில் கட்டியிருந்த துண்டை மட்டும் அவிழ்க்க முடியவில்லை. ஈரத்தில் முடிச்சு இறுகிவிட்டது. அவள் பயந்து இழுக்க இழுக்க இன்னும் இறுகியது. தம்பியைச் சேற்றிலேயே உட்காரவைத்துவிட்டுக் குனிந்து பல்லால் கடித்து இழுத்தேன். புடவைத் துண்டின் புளித்த ருசி இப்போதும் நாக்கில் இருக்கிறது. ஒரு வழியாக முடிச்சு நெகிழ்ந்தது.

கிழங்கு ஷெட் களத்துக்கு அந்தப் பக்கம். நடுவில் ஒரு டிராக்டர் ரிவர்ஸில் வந்துகொண்டிருந்ததால் அங்கே போக முடியாது. மரத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரே கூரை முதலாளியின் ஆபீஸ். கண்ணாடிக் கதவு போட்டு, ஏசி வைத்த அறை. அதன் வாசற்படியில்கூட நாங்கள் உட்காரக் கூடாது. உள்ளே ஆள் இல்லை. நான் கதவை முட்டித் தள்ளிக்கொண்டு எல்லோரையும் உள்ளே கூட்டிப்போனேன்.

உள்ளே சொர்க்கம். சோபாவில் மூன்று பேரை ஏற்றினேன். தம்பிக்குக் குளிராமல் இருக்க மேஜையின் மேல் கிடந்த டவலில் சுற்றி, மேஜையிலேயே படுக்கவைத்தேன். சேலத்துக்கு அனுப்புவதற்காகச் சின்னச் சின்னத் தட்டுகளில் ஜவ்வரிசி சாம்பிள் எடுத்து வைத்திருந்தார்கள். கட்டவிழ்ந்த குட்டி அதில் ஒரு தட்டைக் கவிழ்த்து வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டாள். எல்லாப் பிள்ளைகளும் உள்ளே வந்துவிட்டார்களா என்று பார்த்தேன். வந்துவிட்டார்கள். அந்த நிமிஷத்தில் எனக்கு இருந்த பெருமையைச் சொல்ல முடியாது. அம்மா பார்க்க வேண்டும் என்று கண்ணாடிக் கதவோரம் போய் நின்றேன்.

களத்தில் அம்மா தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பி மரத்தைப் பார்த்தாள். தூளி காலியாக ஆடிக்கொண்டிருந்தது. மரத்தடியில் ஒரு பிள்ளையும் இல்லை. புடவைத் துண்டு மட்டும் அவிழ்ந்து கிடந்தது.

அம்மா தார்ப்பாயை விட்டுவிட்டாள். காற்று அதை அப்படியே தூக்கி மடித்துப்போட்டது. மேஸ்திரி கத்தியது எனக்குக் கேட்கவில்லை, வாய் அசைவது மட்டும் தெரிந்தது. அம்மா தொட்டிப் பக்கம் ஓடினாள். முதல் தொட்டிக்குள் அப்படியே இறங்கினாள். இடுப்புவரை வெள்ளை. குனிந்து இரண்டு கைகளாலும் துழாவினாள். ஏறி அடுத்த தொட்டியில் இறங்கினாள். மூழ்கி எழுந்தாள். தலை, முகம், புடவை எல்லாம் வெள்ளை.

நான் சிரித்தேன். அம்மா மழையில் விளையாடுகிறாள் என்று மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். அவர்களும் சோபாவிலிருந்து இறங்கி வந்து பார்த்துச் சிரித்தார்கள். எல்லோருமாகக் கண்ணாடியைத் தட்டினோம்.

சத்தம் மழையில் அவளுக்குக் கேட்டிருக்காது. எங்களைக் கண்டது மேஸ்திரிதான். அவர் கை நீட்டிக் காட்டிய பிறகு அம்மா திரும்பினாள். ஆபீசை நோக்கி அவள் ஓடி வந்த அதே நேரத்தில் முதலாளியின் காரும் வந்து நின்றது.

முதலாளி கெட்டவர் அல்ல. அவசரக்காரர். உள்ளே வந்ததும் சோபாவில் சேறு, தரையில் ஜவ்வரிசி, மேஜையில் ஒரு குழந்தை. போதாததற்குத் தம்பி அந்த நேரம் பார்த்து மேஜையை நனைத்தான்.

"இன்னா இதெல்லாம்? யாரு இதுங்கள உள்ள வுட்டது?" என்றார்.

"நான்தான்" என்றேன். பரிசு கிடைக்கும் என்ற நினைப்பில்தான் சொன்னேன்.

அம்மா உள்ளே வந்தாள். அவள் கோலத்தைப் பார்த்துக் குட்டி பயந்து அழுதாள். அம்மா யாரையும் கவனிக்கவில்லை. ஒவ்வொரு பிள்ளையின் தலையையும் தொட்டாள். கடைசியில் தம்பியைத் தூக்கிக்கொண்டு, இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். வலித்தது. கோபத்தில் பிடிக்கிறாள் என்று நினைத்தேன்.

பின்னாலேயே மேஸ்திரி வந்தார். "இந்தம்மாதான் மொதலாளி தார்ப்பாய வுட்டுட்டு ஓடுனது. அந்த மூலை பூரா நனைஞ்சு பூட்ச்சு" என்றார்.

"ஏம்மா வுட்ட?"

"புள்ளைங்கள மரத்தாண்ட காணோங்க. தொட்டில வுழுந்துட்ச்சுனு நெனச்சேங்க."

"அதுக்குத்தான் சொல்றது. புள்ளைங்கள வூட்ல வுட்டுட்டு வரணும்னு."

"வூட்ல யார்கிட்டங்க வுடறது?"

பதில் இல்லாதபோது பெரியவர்கள் செய்வதையே அவரும் செய்தார். உத்தரவு போட்டார். "நாளைலேர்ந்து ஒரு புள்ளையும் கேட்டுக்குள்ள வரக்கூடாது. இது ஃபேக்டரியா, பால்வாடியா?"

அம்மா வாயைத் திறந்தாள். மழைக்குக் கூரை தேடுவது போல் வார்த்தையைத் தேடினாள் என்று நினைக்கிறேன். "சரக்கு நனையக்கூடாதுனு தார்ப்பாய் வாங்கி வெச்சிருக்கீங்க, இதுங்களுக்கு…" என்று ஆரம்பித்து, முடிக்காமல், எங்களை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் அப்பா வண்டி எடுக்கப் போகும் முன் விஷயத்தைக் கேட்டார். அவருக்குக் கவலை. "நீ வேலைக்குப் போவாம நின்னுக்கோ. பேசறேன் கீசறேன்னு எதுவும் வெச்சிக்காத. அந்த மில்லுக்குத்தான் நானும் லோடு அடிக்கறேன், தெரியுமில்ல" என்றார். அம்மா தலையிலிருந்து மாவை அலசிக்கொண்டிருந்தாள். அலச அலச வந்துகொண்டே இருந்தது.

மறுநாள் காலையில் எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு வழக்கம்போலக் கிளம்பினாள். எனக்கு ஆச்சரியம். ஃபேக்டரி கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் முந்தானையை விரித்துத் தம்பியைக் கிடத்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் காலில் துண்டு கட்டப்படும் குட்டியின் அம்மா வந்தாள். அவளும் உட்கார்ந்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக வந்து கேட்டை அடைத்து உட்கார்ந்தார்கள். பிள்ளை இல்லாத பெண்கள் இரண்டு பேர் உள்ளே போகப் போனவர்கள், தயங்கி நின்று, திரும்பி வந்து எங்களோடு உட்கார்ந்தார்கள். யாரும் கோஷம் போடவில்லை. ஒருத்தி மற்றொருத்திக்குப் பேன் பார்த்தாள். நான் ரோட்டோரத்தில் என் ஆட்சியைத் தொடங்கினேன்.

வெயில் ஏறியது. உள்ளே களம் வெறுமையாகக் கிடந்தது. நனைந்த சரக்கைப் பரப்ப ஆள் இல்லை. மேஸ்திரி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். முதலாளி வந்தார்.

"இன்னாம்மா, சங்கம் கிங்கம் ஆரம்பிச்சிட்டீங்களா?"

அம்மா எழுந்து நின்றாள். "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. புள்ளைங்கள கேட்டுக்குள்ள கொண்டாரக்கூடாதுன்னீங்க. அதான் வெளியவே வெச்சிக்கினு இருக்கோம்."

அப்போதுதான் வெள்ளிமலை லோடு வந்தது. கிழங்கு குவிந்த லாரி. ஓட்டிக்கொண்டு வந்தவர் அப்பா. கேட்டை மறித்து மனைவியும் மக்களும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். ஹாரன் அடிப்பார் என்று நான் ஆவலாக இருந்தேன், அந்த ஹாரன் எனக்குப் பிடிக்கும். அவர் அடிக்கவில்லை. கிழங்கு வெயிலில் நின்றால் கெட்டுவிடும், அவருக்குத் தெரியும். முதலாளி அவரைப் பார்த்தார். அப்பா இன்ஜினை நிறுத்தினார். இறங்கி வந்து, லாரியின் நிழலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இப்ப இன்னாதான் பண்ணணுங்கறீங்க?" என்றார் முதலாளி.

அம்மா மூச்சு விடாமல் சொன்னாள். "கேட்டாண்ட சாக்கு போட்டு வெச்சிருக்கீங்களே ரூமு, அத குடுங்க. புள்ளைங்க அதுல இருக்கட்டும். எங்கள்ல ஒருத்தி மொற வெச்சி பாத்துக்கினு இருப்பா. அன்னிக்கி அவளுக்கும் கூலி போடணும்."

"களத்துல கால் வெக்காதவளுக்குக் கூலியா? நல்லா கீதே!"

"புள்ள பாக்கறது வேலை இல்லீங்களா?"

"என் வேலை இல்லையே."

அம்மா மேஸ்திரி பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீங்களே சொல்லுங்க. நாங்க புள்ளைங்கள பாக்கறேன்னு மரத்தாண்ட போறமா இல்லியா?"

மேஸ்திரிக்கு அது வருஷக்கணக்கான மனக்குறை. கொட்டித் தீர்த்துவிட்டார். "போறமாவா? ஓயாம போவாளுங்க மொதலாளி! பால் குடுக்கறேன்னு ஒருத்தி, அழுவுதுனு ஒருத்தி. களத்துல பாதி நேரம் பாதி ஆளு இருக்க மாட்டாளுங்க. நானும் தொண்டத்தண்ணி வத்தக் கத்திக்கினுதான் கீறேன்!"

"அவரே சொல்றாருங்க" என்றாள் அம்மா. "ஒருத்தி உள்ள இருந்தா மத்தவங்க போவ மாட்டோம். பால் குடுக்கற நேரம் மட்டும் வுடுங்க."

மேஸ்திரி வாயை மூடிக்கொண்டார். தான் எந்தப் பக்கத்துக்குச் சாட்சி சொன்னோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அப்பா லாரி டயரைப் பார்த்துக் குனிந்துகொண்டார். சிரிக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

முதலாளி அப்போதும் சரி என்று சொல்லவில்லை. கிழங்கைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். குட்டி தத்தித் தத்திப் போய் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். முந்தின நாள் தின்ற ஜவ்வரிசி நினைவில் போயிருப்பாள். அவளை விலக்குவதற்காகக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"கால்ல இன்னாம்மா இது, வளையம் மாதிரி? அடியா?"

குட்டியின் அம்மா சொன்னாள். "கட்டற தடங்க. மரத்துல கட்டி வெப்பேன். தொட்டி தொறந்து கெடக்குதுங்களே."

"தெனமுமா?"

"வேலைக்கு வர அன்னிக்கெல்லாம்."

முதலாளி அவளைத் தூக்கினார். தூக்கத் தெரிந்தவர்தான், அவருக்கும் பேரப்பிள்ளை உண்டு. அந்தக் காலைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேஸ்திரியிடம், "சாக்கெல்லாம் எடுத்து ஷெட்டுல போடு. தொட்டியைச் சுத்தி கம்பி அடிக்கச் சொல்லு, இன்னிக்கே" என்றார். எங்களைப் பார்க்காமல், "கூலி போட்டுக்கலாம், உள்ள வாங்க" என்று சொல்லிவிட்டுக் குட்டியைத் தூக்கிக்கொண்டே உள்ளே போனார். அவளுடைய அம்மா பின்னால் ஓடினாள்.

பெண்கள் எழுந்து புடவையை உதறிக்கொண்டார்கள். வழி கிடைத்ததும் அப்பா லாரியில் ஏறி, தேவையே இல்லாமல் ஒரு நீண்ட ஹாரன் அடித்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் காது சிவந்திருந்தது.

சாக்கு ரூமைப் பெண்களே கழுவினார்கள். சுண்ணாம்பு அடித்து, உத்தரத்தில் தூளிக்குக் கொக்கி மாட்டி, பாய் விரித்து, மண்பானையில் தண்ணீர் வைத்தார்கள். முதலாளி தன் வீட்டிலிருந்து ஆடும் குதிரை ஒன்று கொண்டுவந்து வைத்தார். அதற்கு ஒரு காது இல்லை. பிறகு பக்கத்து ஃபேக்டரிப் பெண்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களில் சிலர் தங்கள் முதலாளியிடம் போய்க் கேட்டார்கள் என்றும் கேள்விப்பட்டேன். கேட்டவர்களுக்கெல்லாம் கிடைக்கவில்லை. சிலருக்குக் கிடைத்தது.

திறந்த அன்று எனக்கு இன்னும் விடுமுறை மிச்சம் இருந்தது. தலை வாரி, பவுடர் பூசி, கையில் ஒரு குச்சியோடு போனேன். அறை என்னால் கிடைத்தது, ஆகவே அறைக்கு நான்தான் தலைவி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உள்ளே அன்றைய முறைக்குக் குட்டியின் அம்மா உட்கார்ந்திருந்தாள். தம்பி அழுதான், அவள் எடுத்துக்கொண்டாள். ஒருவன் மூக்கு ஒழுகியது, அவள் துடைத்தாள். நான் தூளியை ஆட்டப் போனேன். "வுடுடி கண்ணு, நான் பாத்துக்கறேன். நீ போய் வெளையாடு" என்றாள்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நேரே களத்துக்குப் போய் அம்மாவிடம் முறையிட்டேன். நான்தானே முடிச்சை அவிழ்த்தேன், நான்தானே எல்லோரையும் கூட்டிப்போனேன், இப்போது என்னைப் போய் விளையாடச் சொல்கிறாள் என்றேன். அம்மா பலகையால் ஜவ்வரிசியை இழுத்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"ஆமா, போய் வெளையாடு. நீயும் அந்த ரூம்ல ஒரு புள்ளதான்."

இதைவிடப் பெரிய அவமானம் எனக்கு வேறு நேர்ந்ததில்லை. திரும்பி வந்து, குதிரையைக்கூடத் தொடாமல், பாயின் ஓரத்தில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். யாராவது வந்து சமாதானம் செய்வார்கள் என்று காத்திருந்தேன். களத்திலிருந்து பலகை இழுபடும் சத்தம் வந்துகொண்டிருந்தது. தம்பி எங்கோ சிரித்தான். அவன் ஏன் சிரிக்கிறான் என்று போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

கண் விழித்தபோது வெயில் இறங்கியிருந்தது. மற்றப் பிள்ளைகள் எல்லோரும் போய்விட்டார்கள். என் மேல் யாரோ ஒரு துண்டைப் போர்த்தியிருந்தார்கள். அம்மா வாசற்படியில், வேலை முடித்த அழுக்கோடு, மடியில் தம்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெகுநேரமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்தது. நாங்கள் வழக்கமாக வீட்டுக்குப் போகும் பஸ் போயிருந்தது, கடைசி பஸ்தான் மிச்சம்.

"ஏன் எழுப்பல?" என்று கோபமாகக் கேட்டேன்.

"நீ தூங்கறதப் பாத்துக்கினு இருந்தேன்" என்றாள்.

ஒருத்தி தூங்குவதில் பஸ்ஸை விட்டுவிட்டுப் பார்க்க அப்படி என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. அம்மா அன்று ஏதோ சரியாக இல்லை என்று நினைத்துக்கொண்டு, அவள் கையிலிருந்த தம்பியை வாங்க நீட்டிய என் கைகளை அவள் ஏன் மெல்ல இறக்கிவிட்டாள் என்பதும் விளங்காமல், அவளுக்கு முன்னால் கேட்டை நோக்கி நடந்தேன்.